வேலையும் வழித்துணையும்: பள்ளிப் படிப்பை முடிக்கச் செய்யும் அமெரிக்கத் திட்டங்கள் பற்றி ஒரு திறனாய்வு

வறுமையிலும் குடும்ப நெருக்கடியிலும் வளரும் பதின்பருவத்தினர், பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்னரே அதனை விட்டு விலகுவதைத் தடுப்பது எவ்வாறு? இவ்வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசையும் திருச்சபைகளையும் தொண்டு நிறுவனங்களையும் ஆழ்ந்த சிந்தனைக்கு உட்படுத்தி வந்துள்ளது. அங்கே முன்வைக்கப்பட்ட விடைகளுள் இரண்டு மீண்டும் மீண்டும் தலைதூக்குகின்றன. மாணவருக்குப் பகுதிநேர வேலை அளித்து அதனைப் பள்ளி வருகையோடு பிணைப்பது ஒன்று. வயதுவந்த ஒருவரை அம்மாணவருக்கு வழித்துணையாக அமர்த்துவது மற்றொன்று. இவை இரண்டையும் இணைத்தால் வெற்றி உறுதி என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்து எந்த அளவு மெய் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம் தேவை. நம்மிடையே உயர்நிலைப்பள்ளி என்பது பத்தாம் வகுப்போடு முடிவது. அமெரிக்காவிலோ அப்பெயர் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்கு ஆண்டுகளைக் குறிக்கும். அந்நான்கு ஆண்டுகளின் முடிவில் பெறும் சான்றிதழ் இல்லாதவருக்கு, அந்நாட்டில் ஓரளவு நிலையான ஊதியமுள்ள வேலைகளின் வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன. ஆகவே, நாம் இங்கு பேசுவது ஏறக்குறைய 14 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுடைய வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடிய ஒரு முடிவைப் பற்றியும் ஆகும்.

நமது வாசகர்களுள் பலர் போதகர்கள். ஏனையோர் போதக ஊழியத்திற்கு ஆயத்தமாகிறவர்கள். இளைஞர் பணி என்றவுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்னும் ஆர்வம் நம்மிடையே மிகுதி. ஒரு திட்டத்தைத் தொடங்குவதற்குமுன், பிறர் செய்து பார்த்தவற்றின் பலனைப் பொறுமையோடு கற்றுக்கொள்ளுதல் அன்பின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம். ஏனெனில் இங்கே நிகழும் தவறுக்கு விலை கொடுப்பவர் திட்டம் தீட்டியவர் அல்லர், அந்தப் பிள்ளையே.

1. வேலை மட்டும் போதுமா?

1977-ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் ஆட்சியில், இளைஞர் வேலைவாய்ப்பு பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் 1978 முதல் 1980 வரை 17 இடங்களில் ஒரு பெரும் சோதனை நடத்தப்பெற்றது. 16 முதல் 19 வயது வரையுள்ள, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞர் எவராயினும் விண்ணப்பித்தால் அவருக்கு வேலை உறுதி. பள்ளி நடக்கும் மாதங்களில் பகுதிநேர வேலை. கோடை விடுமுறையில் முழுநேர வேலை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வழங்கப்பட்டது. 1978-இல் அது மணிக்கு 2.65 டாலர். விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே: பள்ளியில் தொடர வேண்டும், அல்லது பள்ளிக்குத் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 76,000 இளைஞர் இதில் பங்குபெற்றனர்.

திட்டத்தின் தர்க்கம் எளியது. பிள்ளைகள் பணத்தேவையால் பள்ளியை விடுகின்றனர். பள்ளியில் இருப்பதால் பணம் வருமாயின் பள்ளியிலேயே இருப்பர். இத்தர்க்கத்தில் நேர்மையும் உண்டு. ஏழையின் தேவையை அது இழிவாக எண்ணவில்லை. அறிவுரைக்குப் பதிலாகக் கூலியை அளித்தது.

விளைந்தது என்ன? வேலையைப் பொறுத்தமட்டில் வெற்றி வியப்பிற்குரியது. வேலை கிடைப்பதில் கறுப்பின இளைஞருக்கும் வெள்ளை இளைஞருக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவந்த இடைவெளி, திட்டம் நடந்த பகுதிகளில் அதன் காலத்தில் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. "இவர்கள் வேலை செய்ய விரும்பாதவர்கள்" என்னும் பழி பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது. வேலை இருந்தது, வந்தார்கள், அவ்வளவே. ஆனால் பள்ளியைப் பொறுத்தமட்டில், தொடக்கத்தில் சிலர் திரும்பி வந்தபோதிலும், படிப்பை முடித்தோர் எண்ணிக்கையில் நிலைத்த மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

இம்முடிவைக் கண்ட சிலர், "வேலை கொடுப்பதால் பயனில்லை" என்றனர். அவ்வாறு கூறுதல் நியாயமன்று. பணம் தேவைப்பட்ட குடும்பத்திற்குப் பணம் கிடைத்ததும், தன்னால் இயலும் என்று ஓர் இளைஞர் உணர்ந்ததும் பயனே. பிழை வேறிடத்தில் உள்ளது. பிள்ளை எந்தப் பள்ளியைவிட்டு ஓடினாரோ அந்தப் பள்ளி மாறவில்லை. வகுப்பில் பின்தங்கிய பிள்ளை, கூலியின் பொருட்டுத் திரும்பி வந்தபோதும் பின்தங்கிய பிள்ளையாகவே அமர்ந்திருந்தார். அவருக்கு விளங்காத கணக்கை விளக்க எவரும் இல்லை. கூலி அவரை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே அவருக்காகக் காத்திருந்தவர் எவரும் இலர்.

மற்றொரு செய்தியும் நம் கவனத்திற்குரியது. இத்திட்டத்தில் தனியார் நிறுவனங்களை ஈடுபடுத்த இரு நகரங்களில் ஒரு தனி முயற்சி செய்யப்பட்டது. அணுகப்பட்ட நிறுவனங்களுள், கூலி முழுவதையும் அரசே ஏற்கும் என்று உறுதி கூறப்பட்டபோதும், ஐந்தில் ஒரு பங்கினர்கூட இளைஞரை ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை. ஆகவே, தடையாக நின்றது செலவு மட்டுமன்று. வறிய பகுதியிலிருந்து வரும் பதினாறு வயதுப் பிள்ளையைத் தம் இடத்தில் ஏற்க விரும்பாத மனமும் ஆகும். இம்மனத்தை எந்த மானியமும் மாற்றாது. பொருளாதாரப் பிரச்சினை என்று நாம் பெயரிடுபவற்றுள் எத்தனை, உண்மையில் ஏற்பும் புறக்கணிப்பும் பற்றியவை என்பதை இது நினைவூட்டுகிறது.

இன்னொரு எச்சரிக்கை, எல்லன் கிரீன்பெர்கர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்னும் உளவியல் அறிஞர் இருவரின் ஆய்விலிருந்து வருகிறது. 1986-இல் வெளியான தங்கள் நூலில், பள்ளிக் காலத்தில் வாரத்திற்கு ஏறக்குறைய 20 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலை, படிப்பிற்கு உதவுவதைவிட ஊறு செய்வதே மிகுதி என்று அவர்கள் வாதிட்டனர். அளவோடு இருக்கும் வேலை வேறு. பிள்ளையின் மாலைப்பொழுதையும் உறக்கத்தையும் விழுங்கிவிடும் வேலை வேறு. 1938-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிற்சட்டத்தின் கீழுள்ள விதிகள் 14, 15 வயதினருக்குப் பள்ளி நாளில் 3 மணி நேரம், பள்ளி வாரத்தில் 18 மணி நேரம் என்று வரம்பிட்டுள்ளமையும் இவ்வேறுபாட்டை ஒட்டியதே.

2. ஒரு போதகரின் தோட்டத்தில் முளைத்தது

இரண்டாம் சோதனையின் வேர் ஒரு சபையில் உள்ளது. பிலடெல்பியா நகரில் சீயோன் பாப்திஸ்து சபையின் போதகராயிருந்த லியோன் சல்லிவன், கறுப்பினத்தாருக்கு வேலை மறுத்த நிறுவனங்களின் பொருள்களை வாங்காதிருக்கும்படி நகரின் சபைகளை ஒன்றுதிரட்டிப் போராடியவர். அப்போராட்டத்தால் வேலை வாயில்கள் திறந்தபோது, அவற்றிற்கேற்ற பயிற்சி பெற்றோர் போதிய அளவில் இல்லாதிருந்தமை வெளிப்பட்டது. எனவே 1964-இல், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சிறைக்கூடக் கட்டடம் ஒன்றில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர்ப் பல நகரங்களுக்கும் பரவிற்று.

அந்நிலையங்களின் வழியாக, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியைக் கொண்டு, 1989 முதல் 1993 வரை ஐந்து நகரங்களில் 'குவாண்டம் வாய்ப்புகள்' என்னும் திட்டம் நடத்தப்பெற்றது. அரசு உதவி பெறும் குடும்பங்களிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த பிள்ளைகளுள், நகருக்கு 25 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதே முறையில் தேர்ந்த வேறு 25 பேர், திட்டத்தில் சேர்க்கப்படாமல், ஒப்பிடுவதற்கென வைக்கப்பட்டனர். சேர்க்கப்பட்டோர் ஆண்டுதோறும் 250 மணி நேரம் பாடப் பயிற்சியிலும், 250 மணி நேரம் வாழ்க்கைத் திறன் வளர்ச்சியிலும், 250 மணி நேரம் சமூகத் தொண்டிலும் ஈடுபடலாம். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒரு டாலரை ஒட்டிய சிறு தொகை அளிக்கப்பட்டது. அதற்கு இணையான தொகை அவர்களுடைய மேற்படிப்பிற்கெனச் சேமிக்கப்பட்டது.

இத்தொகை கூலியென்று கூறத்தக்கதன்று. அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியில் பாதியைக்கூட அது எட்டவில்லை. திட்டத்தின் உயிர் வேறோர் ஏற்பாட்டில் இருந்தது. ஒரே வழிகாட்டி, அதே 25 பிள்ளைகளோடு, நான்கு ஆண்டுகளும் இருக்க வேண்டும். பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினாலும், படிப்பை நிறுத்தினாலும், சிறைக்கே சென்றாலும், அவர் திட்டத்திலிருந்து நீக்கப்படமாட்டார். ஒருமுறை சேர்ந்தவர் என்றும் நம்மவர் என்பதே அதன் விதி. வராத பிள்ளையை வீடு தேடிச் சென்று காண்பது வழிகாட்டியின் வேலைகளுள் ஒன்றாயிருந்தது.

1994-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்டத்தில் இருந்தோருள் 63 விழுக்காட்டினர் பள்ளிப் படிப்பை முடித்தனர். ஒப்பீட்டுக் குழுவில் 42 விழுக்காட்டினரே முடித்தனர். மேற்படிப்பில் சேர்ந்தோர் 42 விழுக்காடு. மற்றக் குழுவில் 16 விழுக்காடு. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளைக்கு ஏற்பட்ட செலவு ஏறத்தாழ 10,600 டாலர்.

இவ்வெண்களைக் கண்டு மகிழ்வதற்குமுன், திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினாக்கள் உள. முதலாவது, இவ்வெண்கள் ஐந்து நகரங்களுக்கு உரியவை அல்ல. மில்வாக்கி நகரில் திட்டம் சரிவர நிலைபெறாமையால் அந்நகர் கணக்கிலிருந்து விடப்பட்டது. எஞ்சிய நான்கு நகரங்களில் மொத்தம் 100 பிள்ளைகள். ஒப்பீட்டிற்கு 100 பேர். தோல்வியுற்ற இடத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு வெற்றியைக் கூறுவது, ஆண்டறிக்கை எழுதும் நம் அனைவருக்கும் பழக்கமான செயலே; ஆயினும் பழக்கம் அதை நியாயமாக்கிவிடாது. இரண்டாவது, நகருக்கு நகர் விளைவு பெரிதும் வேறுபட்டது. பணியாளர் மாறாது நிலைத்திருந்த பிலடெல்பியாவில் பலன் மேலோங்கிற்று. ஏனைய இடங்களில் அது மெலிந்தே இருந்தது. திட்டம் ஒன்றே, தொகை ஒன்றே, விதிகளும் ஒன்றே; வேறுபட்டது உடனிருந்தவர்களின் நிலைத்தன்மை.

3. பெருக்கியபோது நிகழ்ந்தது

நல்லதொன்றைக் கண்டால் அதனைப் பெருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. 1995 முதல் 2001 வரை அமெரிக்கத் தொழிலாளர் துறை, ஃபோர்டு அறக்கட்டளையோடு இணைந்து, அதே திட்டத்தை ஏழு இடங்களில் மீண்டும் நடத்திற்று. இம்முறை மதிப்பெண்களில் பின்தங்கிய பிள்ளைகளே தேர்ந்தெடுக்கப்பட்டனர். செலவு முன்னதைவிடப் பெரிதும் உயர்ந்தது. மதிப்பீடும் கடுமையான முறையில் செய்யப்பட்டது. 2006-இல் வெளியான இறுதி அறிக்கை, பள்ளி முடித்தோர் எண்ணிக்கையில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று கூறிற்று.

இம்முடிவை இருவகையாக விளக்குகின்றனர். ஒரு சாரார், "முதற்சோதனையின் வெற்றி தற்செயலானது" என்பர். மற்றொரு சாரார், "இரண்டாம் முறை திட்டம் உண்மையில் நடத்தப்படவே இல்லை" என்பர். பின்னவரின் கூற்றிற்கு ஆதாரம் உண்டு. ஆண்டிற்கு 750 மணி நேரம் என்பது குறிக்கோள்; பிள்ளைகள் சராசரியாகப் பங்குபெற்றதோ அதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் தேய்ந்தது. பெரும்பாலான இடங்களில் திட்டத்தின் கூறுகள் முழுமையாக நிறைவேற்றப்படவில்லை.

ஆயினும் இவ்விளக்கத்தோடு நாம் நிறைவடைந்துவிட முடியாது. நல்ல வழிகாட்டி வாய்த்தால் மட்டுமே ஒரு திட்டம் நடக்குமெனின், நல்ல வழிகாட்டியைப் பெறுவதும் அவரை நிலைநிறுத்துவதும் அத்திட்டத்தின் புறத்தே உள்ள தற்செயல்கள் அல்ல. அவையே அதன் மையம். மையத்தை உறுதி செய்யாமல், மணிக்கணக்கையும் தொகையையும் பாடத்திட்டத்தையும் மட்டும் எழுதி அனுப்பினால், அனுப்பப்பட்டது கூடு மட்டுமே. தாளில் எழுதக்கூடியதையும் எண்ணிப் பார்க்கக்கூடியதையும் நிறுவனங்கள் எளிதில் பெருக்குகின்றன. ஒருவர் ஒரு பிள்ளையை நான்கு ஆண்டுகள் விடாமல் தேடிச் செல்வதை எந்தச் சுற்றறிக்கையாலும் பெருக்க இயலாது. திட்டத்தை ஆதரிப்போர், "அது சரியாக நடத்தப்படவில்லை" என்று கூறித் தப்ப முயல்வதும், எதிர்ப்போர், "அது பயனற்றது" என்று கூறி முடித்துவிடுவதும், இந்த ஒரே உண்மையைக் காண மறுப்பதன் இரு வடிவங்களே.

4. திருச்சபையின் ஒரு முயற்சி

மூன்றாவதாக நாம் நோக்குவது, ரோமக் கத்தோலிக்க இயேசு சபையார் 1996-இல் சிக்காகோ நகரின் பில்சன் பகுதியில் தொடங்கிய 'கிறிஸ்டோ ரே' பள்ளி. 'கிறிஸ்து அரசர்' என்பது அப்பெயரின் பொருள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. கட்டணம் செலுத்த இயலாதோருக்குத் தரமான பள்ளியை எவ்வாறு நடத்துவது என்பது கேள்வி. கண்ட வழி புதுமையானது. நான்கு மாணவர் சேர்ந்து ஓர் அலுவலகத்தின் ஒரு முழுநேர வேலையைப் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாள் வேலைக்குச் செல்வர். ஏனைய நாள்களில் வகுப்பு. அவ்வேலைக்குரிய ஊதியம் பள்ளிக்குச் சென்று கல்விச் செலவில் கணிசமான பகுதியை ஈடுசெய்யும். இம்முறை பரவி, இன்று பல நகரங்களில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகள் இதனைப் பின்பற்றுகின்றன.

முன்கூறிய இரு சோதனைகளிலும் இல்லாத ஒரு சிறப்பு இதில் உண்டு. இங்கே பள்ளியும் வேலையும் ஒரே கூரையின்கீழ் திட்டமிடப்படுகின்றன. வேலைக்குச் செல்வதால் வகுப்பு தவறுவதில்லை. கால அட்டவணையே அதற்கேற்ப அமைந்துள்ளது. மேலும், வழக்குரைஞர் அலுவலகத்திலோ வங்கியிலோ ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நுழையும்போது, தன் தெருவில் காணாத பலவகை வாழ்வுகளைக் காண்கிறார். தம் கல்விக்குத் தாமே உழைத்தோம் என்னும் உணர்வும் அவருக்கு உண்டு. ஈகையைப் பெறுவோர் தலைகுனிய நேரும் பல அமைப்புகளிலிருந்து இது வேறுபட்டது.

எனினும் இங்கும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டியவராயுள்ளோம். பள்ளியின் நிதி மாணவரின் உழைப்பைச் சார்ந்திருக்கையில், வேலையிடத்தில் பொருந்தாத பிள்ளையின் நிலை என்ன? நேரந்தவறாமை, அடக்கம், உரையாடும் திறன் ஆகியவற்றை முன்னரே ஓரளவு பெற்ற பிள்ளையே அங்கு நிலைப்பார். மிகுதியும் உடைந்த பிள்ளை, அவருக்காகவே தொடங்கப்பட்ட இடத்தில் சுமையாகிவிடும் அபாயம் உண்டு. அடுத்து, இத்தகைய பள்ளிகளின் வெற்றியை அளக்கும்போது, பன்னிரண்டாம் வகுப்பை முடித்தோருள் எத்தனை பேர் கல்லூரிக்குச் சென்றனர் என்று கேட்பது போதாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோருள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை எட்டினர் என்று கேட்க வேண்டும். இடையில் காணாமற்போன ஒன்றைக் கணக்கிடாத மேய்ப்பனின் மந்தை எப்போதும் முழுமையாகவே தோன்றும். இறுதியாக, பிள்ளையின் உழைப்பு நிறுவனத்தின் வருவாயாகும்போது, நிறுவனம் பிள்ளைக்காகவா, பிள்ளை நிறுவனத்திற்காகவா என்னும் கேள்வியை அதன் நிர்வாகிகள் ஆண்டுதோறும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இதனைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. விடுதிகளும் பள்ளிகளும் நடத்தும் எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான சோதனையாகவே கூறுகிறோம்.

5. வழித்துணை தீங்கும் செய்யக்கூடும்

இதுகாறும் கூறியவற்றால், வழித்துணையே முதன்மையானது என்னும் முடிவிற்கு வாசகர் வந்திருக்கக்கூடும். அம்முடிவிற்கும் ஓர் எல்லை உண்டு. 'பெரிய அண்ணன்கள், பெரிய அக்காக்கள்' எனப் பொருள்படும் பெயரோடு அமெரிக்காவில் நெடுங்காலமாக இயங்கிவரும் அமைப்பு, வயதுவந்த தன்னார்வலர் ஒருவரை ஒரு பிள்ளையோடு இணைக்கிறது. 1995-இல் வெளியான ஆய்வு, எட்டு நகரங்களில் 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி நோக்கிற்று. துணை பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாள்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. போதைப்பொருளைத் தொடங்கியோரும் குறைந்தனர். வியக்கத்தக்க பலன் இது.

ஆனால் 2002-இல் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் அதே விவரங்களை மீண்டும் ஆராய்ந்து, நட்பு நீடித்த காலத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த நட்பே மிகுந்த பலன் தந்தது. மூன்று மாதங்களுக்குள் முறிந்த நட்புகளிலோ பிள்ளைகளின் தன்மதிப்பு, துணையே பெறாத பிள்ளைகளுடையதைவிடக் குறைந்து காணப்பட்டது. இதன் காரணம் விளங்காததன்று. தந்தை விட்டுச் சென்ற பிள்ளைக்கு, ஆசிரியர் கைவிட்ட பிள்ளைக்கு, "உன்னோடு இருப்பேன்" என்று கூறிவந்த இன்னொருவரும் விட்டுச் சென்றால், தன்னிடமே ஏதோ குறை உள்ளது என்னும் ஐயம் உறுதிப்படுகிறது. நல்லெண்ணத்தோடு தொடங்கி இடையில் நிறுத்துவது, ஒன்றும் செய்யாதிருப்பதைவிடத் தீயதாகக்கூடும்.

இவ்விடத்தில், 'ஆபத்திலுள்ள இளைஞர்' என்று அத்திட்டங்கள் வழங்கும் பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அப்பெயர் ஆபத்தைப் பிள்ளையின்மேல் ஒரு குணம்போல் ஒட்டுகிறது. நாம் கண்ட சான்றுகளோ ஆபத்தைப் பிள்ளையைச் சூழ்ந்தவர்களிடத்தே காட்டுகின்றன. ஏற்க மறுத்த முதலாளி, மாறாத பள்ளி, நிதியாண்டு முடிந்ததும் மூடப்பட்ட அலுவலகம், மூன்றாம் மாதத்தில் வராமற்போன நண்பர் ஆகியோரே அந்த ஆபத்து. பெயரை மாற்றுவதால் நிலை மாறாது. எனினும் திருத்தவேண்டியது யாரை என்பதில் தெளிவு பிறக்கும்.

6. நமக்குரிய பாடம்

இத்திட்டங்களை அப்படியே நம் ஊர்களுக்குக் கொண்டுவரலாம் என்று நாம் கூறவில்லை. பதின்பருவப் பிள்ளைகளின் உழைப்பு நம் நாட்டில் வேறு வரலாறு உடையது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் புறம்பே உதவுதல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதிற்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வயதினரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் தடுக்கிறது. இத்தடைகள் நெடிய போராட்டத்தால் பெறப்பட்டவை. 'பகுதிநேர வேலை' என்னும் இனிய பெயரால் அவற்றைத் தளர்த்த எவரும் முயல்வாராயின், முதலில் எதிர்க்க வேண்டியது திருச்சபை.

ஆனால் அச்சோதனைகளின் ஆழ்ந்த பாடம் எந்நாட்டிற்கும் பொருந்தும். ஒரு பிள்ளை படிப்பை முடிக்க, பணமும் வேலையும் துணைசெய்யும். அவற்றை அற்பமென்று ஒதுக்குவோர் வறுமையை அறியாதவர். எனினும் தங்கியிருக்கும் ஒருவர் இல்லாவிடத்து அவை பிள்ளையை நிறுத்தி வைப்பதில்லை. தங்கியிருப்பது என்பதோ ஆண்டுகளால் அளக்கப்படுவது.

இங்குதான் போதகர்களாகிய நமக்கும் இறையியல் மாணவருக்கும் ஒரு கடினமான செய்தி உள்ளது. நம் அமைப்பில் போதகர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறார். களப்பணி மாணவர் ஓராண்டிலோ அதற்கு முன்னரோ திரும்பிச் செல்கிறார். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் வந்து, அதே தெருவில் அதே பிள்ளைகளைக் கூட்டி, மாலை வகுப்பைத் தொடங்குகிறார். ஆண்டிறுதியில் அறிக்கை எழுதி விடைபெறுகிறார். அவ்வறிக்கை நற்சான்று பெறுகிறது. பிள்ளைகளோ இன்னொரு விடைபெறுதலைக் கற்றுக்கொள்கின்றனர். சல்லிவன் போதகர் 1950 முதல் 1988 வரை, 38 ஆண்டுகள், ஒரே சபையில் ஊழியம் செய்தார் என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். அவர் தொடங்கிய பணியின் நிலைபேற்றில், அவர் நிலைத்திருந்ததற்கும் பங்கு உண்டு.

மாற்றல் முறையை நாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். இத்தகைய பணியில் போதகர் தம்மையே வழித்துணையாக முன்னிறுத்தாமல், அவ்வூரிலேயே வாழ்ந்து அவ்வூரிலேயே முதுமையடையப் போகிறவர்களைத் தேட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை, தச்சர், செவிலியர், கடைக்காரர் என்று சபையில் அமைதியாக அமர்ந்திருப்போர் பலர். அவர்களுள் ஒருவர் ஒரு பிள்ளையை, 25 பிள்ளைகளை அல்ல, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை தம் பொறுப்பில் ஏற்கட்டும். அப்பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். போதகரின் வேலை அவர்களைக் கண்டுபிடிப்பதும், பயிற்றுவிப்பதும், பிள்ளைகளின் பாதுகாப்பிற்கேற்ற ஒழுங்குகளை ஏற்படுத்துவதும், தாம் மாற்றலாகிச் செல்லும்போது அவர்களின் பெயர்ப்பட்டியலை அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதும் ஆகும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவருக்கு நாம் கூறுவது இது. புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், சென்ற ஆண்டு உங்களுக்கு முன்னிருந்தவர் தொடங்கியது என்னவாயிற்று என்று அப்பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் தரும் விடை, எந்த மதிப்பீட்டு அறிக்கையையும்விட உங்களுக்கு மிகுதியாகக் கற்பிக்கும். தொடர்ந்து நிற்க ஊரில் ஒருவரை நீங்கள் கண்டடையாத வரையில், எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடாதிருங்கள். வாக்கை மறப்பவர் எளிதில் மறந்துவிடுவார். அதை நம்பியிருந்த பிள்ளை மறப்பதில்லை.